அன்ஸெல்ம் பயேன்

புதுவை நகரின் கடற்கரையை அடுத்த வீதிகளில் நடந்து செல்வோர், ஆங்காங்குள்ள பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போவாராயின், அப்பெயர்களுக்கு உரியவர் பெரும்பாலும் ஆளுநரும் படைத்தலைவரும் கடற்படைத் தலைவருமே என்பதைக் காண்பர். டூமா வீதி என்னும் பெயரைக் கண்டு, அது புகழ்பெற்ற நாவலாசிரியரைக் குறிப்பதென்று நம் மாணவருட் சிலர் எண்ணுவதுண்டு. இரசாயனம் பயிலும் மாணவரோ, நைட்ரஜனை அளக்க வழி கண்ட டூமாவே அவர் எனத் துணிந்து கூறுவர். உண்மையில் அது 1735 முதல் 1741 வரை இங்கிருந்து ஆட்சி புரிந்த ஆளுநரின் பெயர். இரசாயன அறிஞர்க்கு வீதி அளிப்பது ஆட்சியாளர் வழக்கமன்று போலும்.

அவ்வாறு வீதி பெறாத பிரெஞ்சு அறிஞருள் ஒருவரைப் பற்றியே யாம் இங்கு எழுதப் புகுந்தோம். அன்னாரைப் புதுவை மக்கள் நேரில் அறிந்ததில்லை. அன்னாரும் இந்நாட்டிற்கு வந்தவரல்லர். ஆயினும் நம் இல்லங்களில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் பொருட்டுக் கேழ்வரகை ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து, முளைவிட்டபின் உலர்த்தி அரைக்கும் ஒவ்வொரு முறையும், அன்னார் முதன்முதற் பிரித்தெடுத்துக் காட்டிய ஒரு பொருள் அத்துணி முடிச்சினுள்ளே பிறந்து தொழில் செய்கின்றது. முளையாத கேழ்வரகின் கஞ்சி கெட்டியாகக் களிபோல் இறுகுகின்றது. முளைத்த கேழ்வரகின் கஞ்சியோ நீர்த்து இனிக்கின்றது. தானியம் ஒன்றே, நீரும் நெருப்பும் ஒன்றே. வேறுபாடு எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு விடையின் முற்பகுதியைக் கண்டவர் அன்ஸெல்ம் பயேன். பிற்பகுதியைக் காண உலகம் மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பயேன் 1795ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்திலேதான் இரசாயன நூலின் தந்தை எனத் தகும் லவாஸியே அதே நகரில் கொலைப்பொறிக்கு இரையானார். புரட்சியின் வெம்மை இன்னும் ஆறாத காலம் அது. பயேனுடைய தந்தையார் இரசாயனப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலைகளை நிறுவி நடத்தியவர். அவர் தம் மைந்தனுக்குச் சிறு வயதிலேயே தாமே ஆசானாகி விஞ்ஞானம் கற்பித்தார். பின்னர் வோக்லென், செவ்ரல் போன்ற பேரறிஞரிடம் இரசாயனம் பயிலும் பேறு அவ்விளைஞர்க்கு வாய்த்தது. எனினும் அன்னாரின் முதற் பள்ளி தந்தையாரின் தொழிற்சாலையே என்று கொள்ளல் தகும். ஒரு பொருளின் இயல்பை அறிவது, அதனை மலிவாகவும் தூய்மையாகவும் செய்வது, அதனால் மக்கள் அடையும் பயன் யாதென ஆராய்வது ஆகிய மூன்றையும் அன்னார் இறுதிவரை வெவ்வேறாகக் கருதினாரில்லை.

இருபது வயதைக் கடந்த இளைஞராய் இருந்தபோதே அன்னாரிடம் வெங்காரம் தூய்மை செய்யும் ஓர் ஆலையின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. நம் பொற்கொல்லர் பற்றுவைக்கப் பயன்படுத்தும் அதே வெங்காரந்தான். அக்காலத்தில் அது திபெத்து நாட்டு ஏரிக்கரைகளில் எடுக்கப்பட்டு, மலைகளைக் கடந்து இந்தியாவின் வழியாகக் கப்பலேறி ஐரோப்பாவை அடையும். அங்கு அதனைத் தூய்மை செய்து விற்கும் வாணிகம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. அவர் வைத்ததே விலை. பயேன், இத்தாலியின் டஸ்கனிப் பகுதி வெந்நீர் ஊற்றுகளிற் கிடைத்த போரிக் அமிலத்தையும் சோடாவையும் சேர்த்து வெங்காரத்தைத் தாமே செய்து, பழைய விலையில் மூன்றில் ஒரு பங்கிற்கு விற்றார். ஒல்லாந்தரின் தனியுரிமை அத்துடன் தகர்ந்தது. நம் நாட்டு வழியே சென்ற ஒரு பழைய வாணிகமும் இதனால் தேய்ந்தது என்பதை யாம் இங்கு மறைக்க வேண்டியதில்லை. இரசாயன அறிஞரின் கூடத்தில் நிகழும் ஒரு மாறுதல் தொலைதூரத்துச் சுமைகாரனின் பிழைப்பையும் அசைக்கும்.

அடுத்து அன்னாரின் கருத்து பீட்ரூட் கிழங்கின் சர்க்கரையிற் சென்றது. நெப்போலியன் காலத்துப் போர்களில் கடல்வழியை ஆங்கிலேயர் அடைத்துவிட்டமையால், தீவுகளிலிருந்து கரும்புச் சர்க்கரை பிரான்சுக்கு வருதல் அரிதாயிற்று. அவ்வாண்டுகளில் புதுவையும் ஆங்கிலேயர் வசத்திலேயே இருந்தது. 1793இல் வீழ்ந்த நகரம் 1816இலேதான் பிரெஞ்சுக்காரரிடம் மீண்டது. கரும்பிற்கு ஈடாகப் பிரெஞ்சு மண்ணிலேயே விளைந்த கிழங்கைக் கொண்டு சர்க்கரை செய்தனர். போர் முடிந்து கரும்புச் சர்க்கரை திரும்பியபின், மங்கிய நிறமுள்ள கிழங்குச் சர்க்கரையை வாங்குவார் குறைந்தனர். ஆலைகள் பல மூடப்பட்டன. எலும்புக் கரியின் வழியே சர்க்கரைப் பாகை வடித்தால் அதன் நிறம் நீங்கும் என்பதைப் பயேன் ஆராய்ந்து, நிறம் நீக்கும் ஆற்றல் கரியின் எந்நிலையைப் பொறுத்தது என்பதை 1822இல் வெளியிட்டார். இன்று நச்சுப் புகைக்கு எதிராக அணியும் முகமூடியிலும், குடிநீர் வடிகட்டியிலும் கரியை வைப்பது இதே தன்மையைக் கொண்டுதான்.

இவை யாவும் முன்னுரையே. அன்னாரின் பெயர் என்றும் நிலைக்கும்படி செய்தது 1833ஆம் ஆண்டின் ஆராய்ச்சி.

வாற்கோதுமையை நனைத்து முளைக்கவிட்டுப் பின் உலர்த்துவதை மால்ட்டு என்பர். மேனாட்டார் இதிலிருந்து பீர் என்னும் மதுவை வடிப்பது பன்னெடுங்கால வழக்கம். மதுவின் பொருட்டு நம் நகர் அண்டை மாவட்டங்களில் அடைந்துள்ள பெயரை யாவரும் அறிவர்; ஆதலின் அப்பகுதியை விரிக்காது மேற்செல்வோம். விஞ்ஞானத்திற்கு வேண்டுவது ஒன்றே. முளைத்த தானியத்தை இளஞ்சூடான நீரில் கலக்கினால் அதிலுள்ள மாப்பொருள் தானே சர்க்கரையாக மாறுகின்றது. 1811இல் கிர்க்கோப் என்பார் ருஷிய நாட்டில், கந்தக அமிலத்தோடு காய்ச்சினால் மாப்பொருள் சர்க்கரையாகும் எனக் கண்டிருந்தார். சில ஆண்டுகளின் பின் கோதுமைப் பசையும் அவ்வாறே செய்யவல்லது என்றும் அவரே காட்டினார். ஆயினும் அமிலம் ஏதுமில்லாத முளைதானியத்தில் இத்தொழிலைச் செய்வது எது? முளைத்தல் என்னும் உயிர்ச்செயலா? அன்றி, உயிரினின்றும் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்து வைக்கத்தக்க ஒரு பொருளா? அக்காலத்து அறிஞருட் பலர் உயிருள்ளவற்றின் மாறுதல்கள் உயிராற்றல் என்னும் தனித்த ஒன்றினாலேயே நிகழ்வன என்று நம்பியிருந்தனர்.

பயேனுடன் இவ்வாராய்ச்சியில் இணைந்தவர் ஷான் பிரான்ஸ்வா பெர்ஸோ என்பவர். 1805இல் சுவிட்சர்லாந்திற் பிறந்து பாரிஸுக்கு வந்தவர். அப்போது முப்பது வயதும் நிரம்பாதவர். இருவரும் கையாண்ட முறை, நம் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவரும் செய்து பார்க்கத்தக்க அத்துணை எளியது. மால்ட்டை நொறுக்கிக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து வடித்தனர். அந்நீரை மெல்லச் சூடேற்ற, வேண்டாத புரதத்திற் பெரும்பகுதி திரண்டு பிரிந்தது, அதனை நீக்கினர். தெளிந்த நீரில் மதுசாரத்தை ஊற்ற, வெண்ணிறத் திரள்கள் படிந்தன. அவற்றை மீண்டும் நீரிற் கரைத்து மீண்டும் மதுசாரத்தாற் படியவைத்து, மிகுசூடு படாமல் உலர்த்தினர். எஞ்சியது சுவையற்ற ஒரு வெள்ளைத் தூள்.

அத்தூளின் செயலோ வியக்கத்தக்கதாய் இருந்தது. எடையில் ஒரு பங்கு தூள் இரண்டாயிரம் பங்கு மாப்பொருளை நீரிற் கரையச் செய்ய வல்லதாயிற்று. 65 முதல் 75 பாகை வரையிலான வெப்பத்தில் அது விரைந்து தொழில் செய்தது. கொதிக்கவைத்தாலோ அதன் ஆற்றல் முற்றும் அழிந்தது. ஆறியபின் மீளவும் இல்லை. அமிலம் இவ்வாறு நடப்பதில்லை; அது கொதிக்கும்போதே தன் தொழிலை நன்கு செய்யும். இஃது அமிலத்தினும் வேறான, உயிரினின்றும் பிறந்து உயிரின்றியும் தொழில் செய்யும் ஒரு புதிய வகுப்பைச் சேர்ந்த பொருள் என்பது தெளிவாயிற்று. கேழ்வரகுக் கஞ்சியைக் கொதிக்கும் நீரில் திடீரெனக் கொட்டாது, முதலில் இளஞ்சூட்டிற் கரைத்துச் சிறிது நேரம் விட்டுக் காய்ச்சும் மூதாட்டியர், இதே உண்மையைக் கைப்பழக்கத்தால் அறிந்தவரே.

இப்பொருளுக்கு அவ்விருவரும் டயஸ்டேஸ் எனப் பெயரிட்டனர். கிரேக்க மொழியில் பிரித்தல் எனப் பொருள்படும் சொல்லினின்றும் அப்பெயர் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு மாமணியும் ஓர் உறையினுள் அடைபட்ட பொருள் என்றும், டயஸ்டேஸ் அவ்வுறையை உட்பொருளினின்றும் பிரிக்கின்றது என்றும் அவர் கருதினர். அக்கருத்து பிழையானது. டயஸ்டேஸ் உறையைக் கிழிப்பதன்று. மாப்பொருளின் நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுவது. பிழையான கருத்திலிருந்து பிறந்த அப்பெயரோ அழியவில்லை. பிரெஞ்சு மொழியில் நெடுங்காலம் எல்லா நொதிகளையும் டயஸ்டேஸ் என்றே வழங்கினர். டயஸ்டேஸின் இறுதி அசையையே எல்லா நொதிகளின் பெயர்க்கும் ஈறாகக் கொள்ளலாமெனப் பின்னாளில் டியூக்ளோ என்பார் கூற, உலகம் அதனை ஏற்றது. லைப்பேஸ், புரோட்டியேஸ், அமைலேஸ் என நம் மாணவர் தேர்வுக்கு மனனம் செய்யும் ஒவ்வொரு பெயரிலும், பயேன் செய்த பெயரின் வாற்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கின்றது. என்ஸைம் என்னும் பொதுப்பெயர் 1870களிலேதான் ஜெர்மானியரான கூனே என்பவரால் தோன்றியது.

இதனினும் நம் கருத்தைக் கவர்வது அவ்விருவரும் டயஸ்டேஸைத் தேடிக்கண்ட இடம். முளைத்த வாற்கோதுமையிலும் ஓட்ஸிலும் கோதுமையிலும் முளையை அடுத்த பகுதியில் அது நிரம்ப இருந்தது. சிறு வேர்களில் இல்லை. உருளைக்கிழங்கிலும் முளைக்கும் கண்ணின் அருகிலேயே காணப்பட்டது. முளையாத உலர்ந்த தானியத்தில் அது தென்படவில்லை. தானியம் உறங்கும்போது இல்லாதது, விழித்தெழும்போது தோன்றுகின்றது. அதுவும் உணவு வேண்டிநிற்கும் இளம்முளையின் பக்கத்திலேயே தோன்றுகின்றது. இதனைத் தோற்றுவிப்பது யாது என்னும் வினாவிற்கு அன்றைய இரசாயனத்தில் விடையில்லை. பயேன் வினாவை அங்கேயே விட்டுத் தொழிற்பயனை நாடினார்.

அப்பயன் பெரிதாயிற்று. மாப்பொருளினின்றும் டெக்ஸ்ட்ரின் என்னும் பசையைச் செய்தலும், பாகு காய்ச்சுதலும், ரொட்டித் தொழிலைத் திருத்துதலும் இதனால் எளிதாயின. ஒரு காலத்தில் நெசவாலைகளின் சங்கொலியைக் கேட்டே பொழுதறிந்த புதுவையினர்க்கு இன்னொரு பயனையும் சொல்லவேண்டும். பாவு நூல் அறாதிருக்க அதற்குக் கஞ்சி போடுவது கைத்தறிக்கும் ஆலைக்கும் பொது. நெய்தபின் அக்கஞ்சியை நீக்கினாலன்றிச் சாயம் பற்றாது. அமிலத்தால் நீக்கினால் நூல் இற்றுப்போகும். மால்ட்டின் சத்தோ கஞ்சியை மட்டும் கரைத்துப் பருத்தி நூலைத் தீண்டாது விடும். ஆதலின் நெசவுத் தொழிலில் அது நீங்காத இடம் பெற்றது. பெர்ஸோவும் பின்னர் துணிகளில் அச்சிடும் கலையைப் பற்றி விரிவான நூல் எழுதிப் புகழ் பெற்றார்.

பருத்தி நூலை டயஸ்டேஸ் தீண்டாததன் காரணத்தை ஆராய்வதற்கும் பயேனிடமே செல்லவேண்டும். 1838இல் அன்னார் பலவகை மரங்களையும் செடிகளின் பகுதிகளையும் அமிலத்தாலும் காரத்தாலும் தூய்மை செய்து, எல்லாவற்றிலும் எஞ்சுவது ஒரே பொருள் எனவும், அதன் கூறுகள் மாப்பொருளின் கூறுகளை ஒத்தன எனவும் காட்டினார். அதனை ஆராய்ந்து அறிக்கை தந்த விஞ்ஞான அகாடமியின் குழுவில் முற்கூறிய இரசாயன அறிஞர் டூமாவும் ஒருவர். ஸெல்லுலோஸ் என்னும் சொல் 1839இல் அவ்வறிக்கையிலே அச்சேறியது. மாப்பொருளும் ஸெல்லுலோஸும் குளுக்கோஸ் என்னும் ஒரே செங்கல்லாற் கட்டிய இரு வேறு கட்டடங்கள். ஒன்றைத் திறக்கும் சாவி மற்றொன்றைத் திறவாது. சோற்றை உண்டு வாழும் நாம் வைக்கோலை உண்டு வாழமுடியாமைக்கு இதுவே காரணம்.

1835இல் அன்னார் தொழிற்சாலை நிருவாகத்தை விடுத்துப் பாரிஸிலுள்ள எகோல் சாந்திரால் என்னும் தொழிற்கல்லூரியிற் பேராசிரியரானார்; சில ஆண்டுகளில் கலைத்தொழிற் காட்சிச்சாலையிலும் ஆசிரியப் பணி ஏற்றார். 1842இல் விஞ்ஞான அகாடமி அன்னாரை உறுப்பினராக ஏற்றது. பூஸாங்கோ என்பாருடன் சேர்ந்து, எருவின் மதிப்பு அதிலுள்ள நைட்ரஜனின் அளவைப் பொறுத்தது எனப் பலவகை எருக்களைச் சோதித்துப் பட்டியலிட்டார். தொழில் இரசாயனத்தைப் பற்றியும் உணவுப் பொருள்களைப் பற்றியும் அன்னார் எழுதிய நூல்கள் பலகாலம் பாடநூல்களாய் விளங்கின. இக்காலத்தைப் பற்றி மேலும் விரிக்க யாம் விரும்பவில்லை. பதவிகளின் வரிசை வாழ்க்கை வரலாறாகாது.

அன்னாரின் இறுதி நாட்கள் துயரம் நிறைந்த நகரில் கழிந்தன. 1870 செப்டெம்பர் முதல் 1871 சனவரி வரை ஜெர்மானியப் படை பாரிஸைச் சூழ்ந்து முற்றுகையிட்டது. ரொட்டியில் தவிடும் ஓட்ஸும் கலந்தனர். குதிரைகளும் எலிகளும் உணவாயின. முற்றுகை நீங்கியதும் உள்நாட்டுக் கலகம் மூண்டது. பாரிஸ் கம்யூன் எனப்படும் அவ்வாட்சி குருதி வெள்ளத்தில் முடிவதற்குச் சில நாட்களுக்கு முன், 1871 மே மாதத்தில், எழுபத்தாறாம் வயதில் பயேன் உயிர் நீத்தார். மக்களின் உணவைப் பற்றியே ஆயுளெல்லாம் ஆராய்ந்த ஒருவர், ரொட்டியின்றி மக்கள் வாடிய ஆண்டிலேயே மறைந்தார். ஸெல்லுலோஸ் ஆராய்ச்சிக்கென அமெரிக்க இரசாயனக் கழகத்தார் 1962 முதல் அன்னாரின் பெயரால் பரிசு வழங்கிவருகின்றனர்.

அன்னார் விட்டுச்சென்ற வினாவின் வரலாறு அன்னாரின் வரலாற்றினும் நீண்டது. அதனைக் கூறாது விடின் அவர் கண்டதன் பெருமை விளங்காது.

தானிய மணியை நெடுக்கில் பிளந்தால் மூன்று பகுதிகள் தோன்றும். ஒரு கோடியில் சிறு முளைக்கரு. பெரும்பகுதி முளைசூழ்தசை என்னும் மாக்கிடங்கு. அக்கிடங்கைப் போர்த்தியிருப்பது அல்யூரோன் என்னும் மெல்லிய உயிருள்ள படலம். மாக்கிடங்கின் அணுக்கள் உயிரற்றவை. அவை தாமே எதனையும் செய்யமாட்டா. 1890இல் ஆஸ்திரிய நாட்டுத் தாவர அறிஞர் ஹாபர்லண்ட், ரை என்னும் தானியத்தில் டயஸ்டேஸைச் சுரப்பது அல்யூரோன் படலமே என்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிரவுன், மோரிஸ் என்னும் இருவர், மாக்கிடங்கை ஒட்டிநிற்கும் முளைத்தகடே வாற்கோதுமையில் அதனைச் சுரக்கின்றது என்றனர். நெடுங்காலம் நடந்த இவ்வழக்கில் இருதிறத்தாரும் ஓரளவு வென்றனர் என்றே கூறவேண்டும். தொடக்கத்தில் முளைத்தகடும் பின்னர் மிகுதியாக அல்யூரோனும் சுரப்பது இன்று தெளிவு. ஆயினும் ஒன்று எஞ்சியது. முளைக்கருவை அகற்றிவிட்டால் அல்யூரோன் வாளாவிருக்கின்றது. அப்படியாயின் முளைக்கருவிலிருந்து ஏதோ ஓர் ஏவல் செல்லவேண்டும். அவ்வேவலைச் சுமந்து செல்வது யாது?

விடை, எவரும் எதிர்பாராத வகையில், நெல்லின் ஒரு நோயிலிருந்து வந்தது. ஜப்பானிய உழவர், வயலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி மெலிந்து ஏனையவற்றினும் மிக உயர்ந்து வளர்ந்து பின் மடிவதைக் கண்டு, அந்நோயைப் பேதை நாற்று எனப் பொருள்படும் பக்கானே என்னும் பெயரால் அழைத்தனர். நம் நாட்டு நெல் வயல்களிலும் இந்நோய் உண்டு. 1926இல் தைவானிற் பணியாற்றிய குரோஸாவா என்னும் ஜப்பானியர், நோய்க்குக் காரணமான காளானை வளர்த்த நீரை வடித்து, காளான் சிறிதுமில்லாத அந்நீரை மட்டும் நாற்றுக்கு இட்டும் அது நெடிது வளரக் கண்டார். எனவே, நோயைச் செய்தது காளான் கக்கிய ஒரு பொருள். யபுத்தா 1935இல் அதற்கு ஜிப்பரெல்லின் எனப் பெயரிட்டார். 1938இல் அவரும் சுமிகியும் அதனைப் படிகமாகப் பிரித்தனர். 1940இல் ஹயாஷி என்பவர், ஜிப்பரெல்லின் இட்ட தானியங்கள் முளைக்கும்போது டயஸ்டேஸ் மிகுவதை அறிவித்தார். உலகப் போர் குறுக்கிட்டமையால் ஜப்பானிய ஏடுகளை மேனாட்டார் பல ஆண்டுகள் கவனிக்கவில்லை.

1960இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிற் பேலெக் என்பாரும், ஜப்பானில் யோமோ என்பாரும் ஒருவரையொருவர் அறியாது ஒரே உண்மையைக் கண்டனர். முளைக்கருவை வெட்டி எறிந்த வாற்கோதுமை மணியின் எஞ்சிய பாதியை நீரில் வைத்தால் மாப்பொருள் அப்படியே கிடக்கின்றது. அந்நீரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான ஜிப்பரெல்லினைச் சேர்த்தால், முளைக்கரு அருகிலிருந்தாற் போலவே அல்யூரோன் டயஸ்டேஸைச் சுரந்து மாப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றது. காளானிற் கண்ட பொருளைச் செடிகளும் தம்முள் இயல்பாகவே செய்கின்றன என்பது அதற்குள் தெரிந்திருந்தது. முளைக்கரு அனுப்பும் ஏவலாள் அகப்பட்டான். அவன் உறங்கிய நொதியை எழுப்புகின்றானா, அல்லது புதிதாகச் செய்விக்கின்றானா? 1964இல் அமெரிக்காவில் வார்னரும் சந்திராவும், கதிர்வீச்சால் அடையாளமிட்ட அமினோ அமிலங்களைக் கொண்டு ஆராய்ந்து, அல்யூரோன் இந்நொதியைப் புதிதாகவே கட்டுகின்றது எனக் காட்டினர். மரபணுவின் செய்தியை எழுதுவதைத் தடுக்கும் மருந்தை இட்டால் நொதியும் தோன்றவில்லை. ஹார்மோனின் ஏவல் மரபணு வரை எட்டுவதற்குச் செடியுலகிற் கிடைத்த தெளிவான முதற் சான்றுகளுள் இஃதொன்று.

இவ்வொளியிற் பயேனின் முடிபையும் சிறிது திருத்தவேண்டும். அன்னார் ஒரே பொருள் எனக் கொண்ட டயஸ்டேஸ் உண்மையில் ஒரு கூட்டம். அதில் ஆல்பா அமைலேஸ் முளைக்கும்போது புதிதாகப் பிறப்பது. பீட்டா அமைலேஸோ உலர்ந்த வாற்கோதுமையிலேயே கட்டுண்ட நிலையில் இருந்து பின்னர் விடுபடுவது. உலர்ந்த தானியத்தில் ஏதுமில்லை என்ற கூற்று ஆகவே பாதி உண்மை. அன்றைய கருவிகளைக் கொண்டு அதற்குமேல் அறிதல் எவர்க்கும் இயலாது.

எல்லாத் தானியமும் ஒரே வகையாக நடப்பதில்லை என்பதையும் கூறவேண்டும். வாற்கோதுமையின் அல்யூரோன் ஜிப்பரெல்லினுக்கு விரைந்து கீழ்ப்படியும். சோளத்திலோ முளைத்தகடே முதன்மையாகச் சுரக்கின்றது. வெளியிலிருந்து இடும் ஜிப்பரெல்லினை அது அத்துணை மதிப்பதில்லை. வாற்கோதுமைக்கு ஈடாகச் சோளத்தை மால்ட்டாக்க முடியுமா என்பதை, முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டிக் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் பி. விஸ்வநாத்தும் உடன் பணியாற்றியோரும் ஆராய்ந்து வெளியிட்டனர். விஸ்வநாத் பின்னர் தில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராய் விளங்கியவர். கேழ்வரகோ இவ்வகையில் நம் சிறுதானியங்களுள் சிறப்புடையது. அதன் முளைமாவைக் கொண்டு குழந்தையுணவு செய்யும் முறைகளை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தனர். கஞ்சி கெட்டியாயிருப்பின் குழந்தையால் விழுங்க முடிவதில்லை; நீரைப் பெருக்கினால் வயிறு நிறையும், உடல் வளராது. முளைமாவின் டயஸ்டேஸ் கஞ்சியை இளக்குவதால், அதே கிண்ணத்தில் இருமடங்கு தானியத்தைக் கரைத்தும் குழந்தையை உண்பிக்கலாம்.

ஏவல் எப்போதும் நன்மைக்கே செல்வதில்லை. பாகூர்ப் பக்கத்து வயல்களில் முற்றிய நெல் அறுவடைக்கு நிற்கையில் மழை விடாது பெய்து, பயிர் சாய்ந்து நீரிற் கிடப்பதை நம் மாணவருட் பலர் தம் சொந்த நிலத்திலேயே கண்டிருப்பர். மூன்று நான்கு நாட்களில் கதிரிலேயே நெல் முளை விடுகின்றது. துணி முடிச்சில் கேழ்வரகை இனிக்கச் செய்த அதே நொதி, இங்கு உழவனின் ஆண்டு முழுவதற்குமான உழைப்பைச் சர்க்கரையாக்கிக் கரைக்கின்றது. அந்நெல்லை ஆலையிலிட்டால் அரிசி நொறுங்குகின்றது, விதைக்கும் உதவாது, வாங்குவோன் பார்த்தவுடன் விலையைக் குறைக்கின்றான். 1960களின் தொடக்கத்திற் கண்டறியப்பட்ட அப்ஸிஸிக் அமிலம் என்னும் மற்றொரு ஹார்மோன், ஜிப்பரெல்லினின் ஏவலை மறுத்து நிறுத்துவது. முற்றும் மணியில் இது போதிய அளவில் இருக்குமாயின், மழை நனைத்தாலும் விதை உறங்கும். அறுவடைக்குப்பின் சில வாரம் உறங்கும் நெல் வகையும், அறுத்த மறுநாளே முளைக்கும் நெல் வகையும் உண்டு. குறுகிய காலத்தில் அடுத்த போகம் விதைக்க வேண்டுமென்று உறக்கமில்லாத வகைகளை விரும்புவோர்க்கு மழைக்காலம் பகையாகின்றது. மிகுந்த உறக்கமோ விதைப்பின்போது முளையாது ஏமாற்றும். இவ்விரண்டிற்கும் நடுவே, இரண்டு மூன்று வாரம் மட்டும் உறங்கும் விதையைத் தேடுவதே இன்று நெல் வளர்ப்பாரின் முயற்சிகளுள் ஒன்று.